கையில் ஒரு கட்டி: எப்போது கவலைப்பட வேண்டும், எப்போது பொறுத்திருக்கலாம்?

குளிக்கும்போதோ, சட்டை மாற்றும்போதோ, கைக்கு எண்ணெய் தடவும்போதோ விரலில் ஏதோ தட்டுப்படுகிறது. முன்பு அங்கே அது இருந்ததாக நினைவில்லை. அடிபட்டதாகவும் தெரியவில்லை. உடனே மனம் ஒரே ஒரு நோயைத்தான் நினைக்கிறது.

இந்த நேரத்தில் மூத்தோர் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் மனத்துக்குள் வைத்துப் புழுங்குகிறார்கள். சிலர் “வயதானால் இப்படித்தான்” என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. கையில் தோன்றும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால், எது தீங்கற்றது, எதை உடனே காட்ட வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். அதற்காகவே இந்தக் கையேடு.

இதில் ‘கை’ என்பது தோளிலிருந்து விரல் நுனிவரை உள்ள முழுக் கையையும் அக்குளையும் குறிக்கிறது.

1. கட்டி என்றால் என்ன?

தோலிலோ, தோலுக்கு அடியிலோ, தசைக்கு உள்ளேயோ ஏற்படும் எந்தப் புடைப்பையும் நாம் ‘கட்டி’ என்றுதான் சொல்கிறோம். கொழுப்பு சேர்ந்தாலும் கட்டி, சீழ் சேர்ந்தாலும் கட்டி, இரத்தம் உறைந்தாலும் கட்டி. புற்றுநோய்க்கும் அதே சொல்தான். ஒரே சொல்லாக இருப்பதால்தான் பயமும் ஒன்றாகிவிடுகிறது. உண்மையில் இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத, வெவ்வேறு காரணங்களால் வருபவை.

கொழுப்பு, தசை, நரம்பு போன்ற மென்மையான திசுக்களில் தோன்றும் கட்டிகளில், தீங்கற்ற கட்டிகள் நூறு இருந்தால் புற்றுநோய்க் கட்டி ஏறக்குறைய ஒன்றுதான் இருக்கும். அந்த ஒன்றைத் தாமதமின்றிக் கண்டுபிடிப்பதே மருத்துவரிடம் காட்டுவதன் நோக்கம்.

2. கையில் அடிக்கடி காணப்படும் கட்டிகள்

*கொழுப்புக் கட்டி.* பிசைந்த மாவைப் போல மெத்தென்று இருக்கும். விரலால் தள்ளினால் தோலுக்கு அடியில் நழுவும். பெரும்பாலும் வலிக்காது. ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும். 40 வயதுக்கு மேல் அதிகம் தென்படும். சில குடும்பங்களில் பலருக்கும் வருவதுண்டு. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டதால் வந்தது என்று உங்களை நீங்களே குறைசொல்லிக்கொள்ள வேண்டாம்.

*தோல் பைக்கட்டி.* தோலோடு ஒட்டிய உருண்டை. நடுவில் ஒரு சிறு கரும்புள்ளி தெரியலாம். உள்ளே வெண்மையான, நாற்றமுள்ள பொருள் இருக்கும். பிதுக்கினால் கிருமித்தொற்று ஏற்பட்டுச் சிவந்து வீங்கிவிடும்.

*மணிக்கட்டு நீர்க்கட்டி.* மணிக்கட்டின் மேற்புறத்திலோ விரல் மூட்டின் அருகிலோ வரும். உள்ளே பாகு போன்ற நீர் இருக்கும். சில நாட்கள் பெரிதாகவும் சில நாட்கள் சிறிதாகவும் தோன்றலாம். பல தாமாகவே மறைந்துவிடும். கனமான புத்தகத்தால் அடித்து உடைக்கும் பழைய வழக்கம் வேண்டாம். எலும்பும் நரம்பும் பாதிக்கப்படலாம்.

*முழங்கை நுனி வீக்கம்.* முழங்கையை மேசையில் ஊன்றி நெடுநேரம் உட்காருபவர்களுக்கு, முட்டை வைத்ததுபோல நுனியில் வீங்கும். ஊன்றுவதை நிறுத்தினால் பெரும்பாலும் வடிந்துவிடும். சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம்.

*யூரிக் அமிலக் கட்டி.* கௌட் எனப்படும் மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு முழங்கையிலும் விரல் மூட்டுகளிலும் சுண்ணாம்பு போன்ற கெட்டியான முடிச்சுகள் வரலாம். யூரிக் அமிலத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதற்கு இது அடையாளம்.

*சீழ்க்கட்டி.* சிவப்பு, சூடு, வலி மூன்றும் சேர்ந்து சில நாட்களிலேயே பெரிதாகும். நீரிழிவு உள்ளவர்கள் இதை அலட்சியம் செய்யக்கூடாது.

*இரத்தக்கட்டு.* இடித்துக்கொண்ட பிறகோ, இரத்தம் எடுத்த இடத்திலோ, டிரிப் ஏற்றிய இடத்திலோ வரலாம். ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்களுக்கு லேசாக இடித்தாலே வரும். வாரங்கள் செல்லச் செல்ல நிறம் மாறிச் சுருங்க வேண்டும். சுருங்காமல் அப்படியே நின்றாலோ, வளர்ந்தாலோ, அதை இரத்தக்கட்டு என்று எண்ணிக் காத்திருக்கக்கூடாது.

*மேற்கைத் தசை கிழிதல்.* கனமான பையைத் தூக்கும்போது தோள்பக்கம் ‘படக்’கென்ற உணர்வு. பிறகு முழங்கையை மடக்கினால் மேற்கையில் பந்துபோலத் திரண்டு நிற்கும். மூத்த ஆண்களிடம் அதிகம் காணப்படும். இது புற்றுநோய் அல்ல. ஆனால் சில நாட்களுக்குள் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

*நெறிகட்டுதல்.* விரலில் வெட்டுக்காயம், பூனைக் கீறல், அல்லது அண்மையில் போட்ட தடுப்பூசி காரணமாக அக்குளிலோ முழங்கையின் உட்புறத்திலோ நெறி கட்டலாம். ஓரிரு வாரங்களில் வடிய வேண்டும். வடியாவிட்டால் காட்டுங்கள். அக்குள் கட்டி மார்பகத்தோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்பதால் பெண்கள் தள்ளிப்போட வேண்டாம். ஆண்களுக்கும் இது பொருந்தும்.

*டயாலிசிஸ் செய்வோரின் கவனத்திற்கு.* இரத்தச் சுத்திகரிப்புக்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்திருந்தால், அந்த இடம் புடைத்து, தொட்டால் அதிர்வு தெரிவது இயல்பு. அதிர்வு நின்றுவிட்டால் உங்கள் டயாலிசிஸ் நிலையத்தை உடனே தொடர்புகொள்ளுங்கள். புடைப்பு விரைவாகப் பெரிதானாலோ, மேல்தோல் மெலிந்து பளபளத்தாலோ அன்றே தெரிவியுங்கள். இரத்தம் கசிந்து நிற்காவிட்டால் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 995ஐ அழையுங்கள்.

இந்தப் பட்டியலைப் படித்து நீங்களே நோயை முடிவுசெய்ய வேண்டாம். கட்டி என்பது பல வகைப்படும் என்று மனம் அமைதி அடையவும், மருத்துவரிடம் எதைச் சொல்வது என்று தெரிந்துகொள்ளவும் இது உதவும்.

3. கட்டியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்

வெளிச்சமான இடத்தில் உட்கார்ந்து, ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். கீழ்க்காணும் ஐந்தையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

1. இடம்: எந்தக் கை? தோளா, மேற்கையா, முழங்கையா, மணிக்கட்டா, அக்குளா?
2. அளவு: ஒரு வெள்ளி நாணயத்தை அருகில் வைத்துப் பாருங்கள். அதன் குறுக்களவு ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர். இரண்டு ஒரு வெள்ளி நாணயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சுமார் 5 சென்டிமீட்டர். உங்கள் கட்டி இந்த இரண்டு நாணயங்களைவிட நீளமாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.
3. தன்மை: மெத்தென்று இருக்கிறதா, கல்லைப்போல் கெட்டியா? தள்ளினால் நகர்கிறதா, ஆழத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா?
4. மாற்றம்: எப்போது முதலில் கவனித்தீர்கள்? அதன் பிறகு வளர்ந்ததா? நாள் நினைவில்லை என்றால் “தீபாவளிக்கு முன்பே இருந்தது”, “சீனப் புத்தாண்டுக்குப் பிறகு பார்த்தேன்” என்று குறித்தாலும் போதும்.
5. கூட இருப்பவை: வலி, காய்ச்சல், விரல் மரத்துப்போதல், இரவில் வியர்த்தல், காரணமின்றி எடை குறைதல், புண் ஆறாமை.

நாணயத்தைக் கட்டியின் அருகில் வைத்துக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தினமும் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டாம். அடிக்கடி அழுத்தினால் அந்த இடம் வலிக்கும். அந்த வலியே புதிய பயத்தைக் கொண்டுவரும். மருத்துவர் கவனித்துவரச் சொல்லியிருந்தால் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

4. எப்போது மருத்துவரிடம் செல்வது?

*உடனே 995ஐ அழைக்க வேண்டியவை*
- கை முழுவதும் திடீரென வீங்கி, மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்து வந்தால்
- நிற்காத இரத்தக் கசிவு இருந்தால்

*அன்றே காட்ட வேண்டியவை*
- கட்டி சிவந்து, சூடாகி, காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால்
- சிவப்பு நிறம் கட்டியிலிருந்து கையின் மேல்நோக்கிப் பரவினால்
- கை முழுவதும் காரணமின்றி வீங்கினால்
- விரல்கள் திடீரென மரத்துப்போனாலோ, குளிர்ந்து வெளுத்தாலோ

*ஓரிரு வாரங்களுக்குள் காட்ட வேண்டியவை*
- கட்டி வளர்ந்துகொண்டே இருந்தால்
- 5 சென்டிமீட்டரைவிடப் பெரியதாக இருந்தால்
- கெட்டியாகவும் ஆழத்தில் அசையாமலும் இருந்தால்
- வலி கூடிக்கொண்டே போனால், குறிப்பாக இரவில் எழுப்பினால்
- முன்பு அகற்றிய கட்டி அதே இடத்தில் மீண்டும் வந்தால்
- அக்குளில் கட்டி இருந்தால்
- தோலில் உள்ள புடைப்பு புண்ணாகி நான்கு வாரங்கள் ஆகியும் ஆறாவிட்டால்
- உங்களுக்கு முன்பு புற்றுநோய் வந்திருந்தால்

*அடுத்த வழக்கமான சந்திப்பில் காட்டலாம்*
- சிறியதாக, மெத்தென்று, வலியின்றி, பல ஆண்டுகளாக மாறாமல் இருக்கும் கட்டி. இதையும் ஒருமுறையாவது மருத்துவர் தொட்டுப் பார்ப்பது நல்லது. நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு மருந்து வாங்கப் போகும் அன்றே சட்டைக் கையை மடித்துக் காட்டிவிடலாம்.

5. செய்யக்கூடாதவை

- உருவி விடாதீர்கள். நல்லெண்ணெயோ தைலமோ போட்டு அழுத்தித் தேய்த்தால் கட்டி கரையாது. சீழ்க்கட்டியாக இருந்தால் கிருமி பரவலாம்.
- சுண்ணாம்பும் மஞ்சளும் பற்றுப் போடாதீர்கள். சுண்ணாம்பு தோலைப் பொத்துவிடும். மூத்தோரின் தோல் மெல்லியது. புண்ணானால் கட்டியைச் சோதிப்பதும் கடினமாகும்.
- ஊசியால் குத்தாதீர்கள், பிதுக்காதீர்கள், நூல் கட்டாதீர்கள்.
- மற்றவருடைய மாத்திரையைச் சாப்பிடாதீர்கள். பக்கத்து வீட்டவருக்குச் சரியான மருந்து உங்களுக்குச் சரியாகாது.
- பெரிய கட்டியை அவசரமாக அறுத்தெடுக்கச் சம்மதிக்காதீர்கள். பெரிதாகவும் ஆழமாகவும் உள்ள கட்டியை முதலில் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். என்னவென்று தெரியாமல் எடுத்துவிட்டால், பிற்பாடு சரியான சிகிச்சை அளிப்பது சிக்கலாகிவிடும்.

6. மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

முதலில் உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ காட்டுங்கள். ‘மேலும் ஆரோக்கியமான எஸ்ஜி’ திட்டத்தில் ஒரு மருந்தகத்தில் பதிந்துகொண்டிருந்தால் அங்கேயே செல்லலாம். பலதுறை மருந்தகத்திற்கு ஹெல்த்ஹப் செயலியில் முன்பதிவு செய்யலாம். செயலி பழக்கமில்லை என்றால் தொலைபேசியில் கேளுங்கள், அல்லது வீட்டில் உள்ளவர்களைச் செய்யச் சொல்லுங்கள். தமிழில் பேசினால்தான் வசதி என்றால், பதிவு முகப்பிலேயே அதைத் தெரிவியுங்கள்.

வேறு காரணத்துக்குச் சென்றுவிட்டு, எழுந்து வரும்போது வாசலில் நின்று “இன்னொன்று டாக்டர்…” என்று சொல்ல வேண்டாம். உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்:

“டாக்டர், இடது மேற்கையில் ஒரு கட்டி இருக்கிறது. மூன்று மாதமாகப் பார்க்கிறேன். கொஞ்சம் வளர்ந்த மாதிரி தெரிகிறது. வலி இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.”

இதில் கடைசி வாக்கியமும் முக்கியம். பயத்தைச் சொன்னால்தான் மருத்துவர் அதற்குப் பதில் சொல்ல முடியும். இவற்றையும் மறக்காமல் கூறுங்கள்:

- உட்கொள்ளும் எல்லா மருந்துகளும், நாட்டு மருந்துகள் உட்பட. மருந்துப் பைகளை அப்படியே எடுத்துச் செல்லலாம்.
- நீரிழிவு, சிறுநீரக நோய், கௌட் போன்ற நோய்கள்
- உங்களுக்கோ நெருங்கிய உறவினருக்கோ வந்த புற்றுநோய்
- அண்மையில் அடிபட்டது, விழுந்தது, தடுப்பூசி போட்டது

திரும்புவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: “இது என்னவாக இருக்கலாம்? மேற்கொண்டு சோதனை வேண்டுமா? எந்த மாற்றம் தெரிந்தால் நான் திரும்பி வர வேண்டும்?”

7. என்ன சோதனைகள் செய்வார்கள்?

பல கட்டிகளை மருத்துவர் கண்ணால் பார்த்து, கையால் தொட்டே இன்னதென்று சொல்லிவிடுவார். சந்தேகம் இருந்தால்தான் அடுத்த படி.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்: கட்டியின் மேல் குளிர்ந்த பசை தடவி, ஒரு சிறு கருவியை நகர்த்திப் பார்ப்பார்கள். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை.

எம்ஆர்ஐ ஸ்கேன்: ஆழமான கட்டிகளுக்கு. குழாய் போன்ற இயந்திரத்தில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். சத்தம் அதிகமாக இருக்கும். இதயமுடுக்கியோ உலோகப் பொருளோ உடலில் பொருத்தியிருந்தால் முன்கூட்டியே கூற வேண்டும். வளையல், மோதிரம், தாலிக்கொடி உட்பட எல்லா நகைகளையும் கழற்றச் சொல்வார்கள். அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டி அணிந்துகொள்வது நம் பெண்கள் பலர் பின்பற்றும் வழி. நகைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது பாதுகாப்பானது.

திசுச் சோதனை: மரத்துப்போகும் ஊசி போட்டு, கட்டியிலிருந்து சிறு துண்டை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். கட்டி என்ன என்பதை உறுதியாகச் சொல்வது இந்தச் சோதனைதான். இரத்தத்தை இளக்கும் மருந்தை நீங்களாகவே நிறுத்த வேண்டாம். நிறுத்த வேண்டுமா, எத்தனை நாட்கள் என்பதை மருத்துவர் சொல்வார்.

8. பலரும் கேட்கும் கேள்விகள்

வலி இல்லாத கட்டிதானே, விட்டுவிடலாமா?
வலியை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அதிகம் வலிக்கும் சீழ்க்கட்டி ஒரு வாரத்தில் ஆறிவிடும். கவலைக்குரிய சில கட்டிகளோ தொடக்கத்தில் வலிப்பதே இல்லை. அளவு, ஆழம், வளர்ச்சி இவற்றைப் பாருங்கள்.

கத்தி பட்டால், ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்கிறார்களே?
இந்தப் பயத்தால் பலர் சோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். எந்த இடத்தில், எந்தத் திசையில் ஊசியைச் செலுத்துவது என்று நிபுணர்கள் திட்டமிட்டே திசுவை எடுக்கிறார்கள். அதனால் நோய் பரவும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. முன்பெல்லாம் நோய் முற்றிய பிறகே பலர் மருத்துவமனைக்குச் சென்றார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர்கள் குணமடையாததைப் பார்த்து, கத்திதான் காரணம் என்ற எண்ணம் வந்திருக்கலாம். உண்மையில் கேடு செய்வது தாமதம்தான்.

கொழுப்புக் கட்டி பிறகு புற்றுநோயாக மாறுமா?
பொதுவாக மாறுவதில்லை. ஆனால் கொழுப்புக் கட்டியைப் போலவே தோன்றும் வேறு கட்டி இருக்கலாம். அதனால்தான் பெரிதாக வளரும் கட்டியை மீண்டும் காட்டச் சொல்கிறோம்.

எல்லாக் கட்டியையும் எடுத்துவிட வேண்டுமா?
இல்லை. வலி, இடையூறு, சந்தேகம் எதுவும் இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். அழகுக்காக மட்டும் அகற்றும் சிகிச்சைக்கு மெடிசேவைப் பயன்படுத்த இயலாது.

செலவை நினைத்தால் பயமாக இருக்கிறது.
பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்துடன் அரசாங்க மருத்துவமனை நிபுணரிடம் சென்றால் கட்டணக் கழிவு உண்டு. சாஸ் அட்டை, முன்னோடித் தலைமுறை அட்டை, மெர்டேகா தலைமுறை அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். அதற்குப் பிறகும் கட்ட முடியாத நிலை என்றால், மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரைச் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. பணத்தை நினைத்துச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

பிள்ளைகளுக்குச் சொன்னால் அவர்களுக்குத்தானே கவலை?
பிறகு தெரியவந்தால் “ஏன் அப்போதே சொல்லவில்லை?” என்ற வருத்தம் அதைவிடப் பெரியது. நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. “தம்பி, கையில் ஒரு கட்டி தெரிகிறது. புதன்கிழமை டாக்டரிடம் காட்டப் போகிறேன். நீயும் வந்தால் நல்லது.” இவ்வளவு போதும். பிள்ளைகள் அருகில் இல்லாதவர்கள், தங்கள் வட்டாரத்தில் உள்ள துடிப்பாக மூப்படைதல் நிலையத்தின் ஊழியரிடம் பேசலாம்.

9. முடிவுக்குக் காத்திருக்கும் நாட்கள்

சோதனை முடிந்து முடிவு வரும் வரையிலான நாட்களே பலருக்கும் கடினமானவை. தூக்கம் வராது. சாப்பாடு இறங்காது. இது இயல்புதான். கீழ்க்காண்பவை உதவலாம்.

- முடிவு எந்த நாளில், எப்படித் தெரிவிக்கப்படும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாள் கடந்தும் தகவல் வராவிட்டால் நீங்களே அழைத்துக் கேளுங்கள். ‘தகவல் இல்லை என்றால் நல்லதுதான்’ என்று இருந்துவிட வேண்டாம்.
- வழக்கமான மருந்து, சாப்பாடு, காலை நடை எதையும் நிறுத்தாதீர்கள்.
- நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். கோயில், சந்தை, கீழ்த்தளத்தில் நண்பர்களோடு உட்காருவது ஆகியவற்றை விட்டு விலகாதீர்கள்.
- வாட்ஸ்அப்பில் வரும் மருத்துவக் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள். சந்தேகத்தை மருத்துவரிடமே கேளுங்கள்.
- முடிவைக் கேட்கப் போகும்போது ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். பதற்றத்தில் நம் காதில் விழாததை அவர் கேட்டு நினைவில் வைத்துக்கொள்வார்.

முடிவு நாம் விரும்பாததாகவே இருந்தாலும், நிலைமை தெரிந்தவுடன் சிகிச்சையைத் தொடங்கலாம். சிறியதாக இருக்கும்போதே கண்டுபிடித்த கட்டிக்குச் சிகிச்சை எளிது. கையின் இயக்கத்தைப் பாதுகாக்கும் வாய்ப்பும் அதிகம்.

10. புரிந்ததா என்று பாருங்கள்

பதிலைப் படிக்கும் முன் சற்று யோசியுங்கள்.

அ. 72 வயதுத் தாத்தாவுக்கு முன்கையில் பத்து ஆண்டுகளாக ஒரு மெத்தென்ற கட்டி. பத்துக் காசு நாணய அளவு. வளரவில்லை. என்ன செய்யலாம்?
*பதில்:* அடுத்த வழக்கமான சந்திப்பில் ஒருமுறை காட்டலாம். அவசரமில்லை.

ஆ. 66 வயது அம்மாவின் மேற்கையில் ஆறு மாதத்தில் இரண்டு நாணய நீளத்துக்கு வளர்ந்த கட்டி. வலி இல்லை. தினமும் தைலம் தேய்க்கிறார்.
*பதில்:* தேய்ப்பதை நிறுத்திவிட்டு, ஓரிரு வாரங்களுக்குள் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலி இல்லை என்பதால் தாமதிக்கக்கூடாது.

இ. நீரிழிவு உள்ள ஒருவருக்கு முழங்கையில் சிவந்த வீக்கம். நேற்றிரவு குளிர்க்காய்ச்சல்.
*பதில்:* அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நினைவில் கொள்ளுங்கள்

- கையில் வரும் பெரும்பாலான கட்டிகள் தீங்கற்றவை.
- பெரியது, வளர்வது, ஆழமானது, திரும்ப வந்தது: இந்த நான்கில் எது இருந்தாலும் காட்டுங்கள்.
- தேய்க்காதீர்கள், பிதுக்காதீர்கள், பற்றுப் போடாதீர்கள்.
- பயத்தை மனத்துக்குள் வைக்காமல் வீட்டாரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

இந்தக் கையேட்டைப் படித்து முடித்ததும் உங்கள் கணவர், மனைவி, அண்டை வீட்டார் எவரிடமாவது கொடுங்கள். மாதக்கணக்கில் சொல்லாமல் வைத்திருக்கும் ஒருவர் அவர்களில் இருக்கலாம்.